ஆஸ்திரேலியா தீவா? உலக உருண்டையோடு ஒரு மல்லுக்கட்டு

வணக்கம். முன்னுரையிலேயே பாதி நேரத்தைக் கழிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அதற்குப் பொறுமை இல்லை. 'உலகின் மிகப் பெரிய தீவு எது?' என்று இணைய விநாடி வினா ஒன்றில் கேட்டிருந்தார்கள். கிரீன்லாந்து என்றேன். தவறு என்று சிவப்புக் குறியிட்டு, ஆஸ்திரேலியா என்று எனக்கே திருத்தம் சொன்னார்கள். 'நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு தீவு' என்ற விளக்கம் வேறு. எனக்கு அறவே பிடிக்காத வரையறை இது. இதன்படி அண்டார்டிகாவும் தீவு. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் சேர்ந்த நிலத்தைச் சுற்றியும் கடல்தானே இருக்கிறது?

அந்த எரிச்சலில் நம் ஆட்டம் காணும் உலக உருண்டையை எடுத்தேன். சென்ற காணொளியில் மேசையிலிருந்து விழுந்ததே, அதேதான். கிரீன்லாந்தை ஒளிபுகும் தாளில் வரைந்து, ஆஸ்திரேலியாவின் மேல் வைத்துக் காட்ட எண்ணினேன். தாள் படியவே இல்லை. ஓரத்தை அழுத்தினால் நடுவில் மடிப்பு விழுகிறது. நடுவை அழுத்தினால் ஓரம் கிழிகிறது. போதாக்குறைக்கு வடமுனையின் உலோகத் தொப்பி கிரீன்லாந்தின் உச்சியை மறைக்கிறது. முக்கால் மணி நேரம் போன பிறகுதான், 1569-இல் உலகப் படம் வரைந்த மெர்காட்டருக்கும் இதே தொல்லைதான் என்பது உறைத்தது. வளைந்ததைத் தட்டையாக்க அவர் துருவப் பகுதிகளை இழுத்து விரித்தார். அதனால்தான் அவர் முறையில் வரைந்த படங்களில், தன்னைப்போல் 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்காவுக்கு இணையாகக் கிரீன்லாந்து நிற்கிறது.

கடைசியில், பாத்திரங்களை மூடும் மெல்லிய நெகிழித் தாள் அழகாக ஒட்டிக்கொண்டது. அந்தத் தாளுக்கு நான் இனி அடிமை! ஆஸ்திரேலியாவை நிரப்ப மூன்றரை கிரீன்லாந்து தேவைப்பட்டது. சொல்ல மறந்துவிட்டேன்: கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவினுடையது ஏறத்தாழ 77 லட்சம்.

ஆனால் இத்தனை பரப்புக்கு மேல் கண்டம் என்று எவரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஆகவே அளவைவிட அடியில் உள்ள பாறையைப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். கண்டங்களின் மேலோடு, அதாவது புவியின் வெளிப்புறப் பாறை அடுக்கு, பெரும்பாலும் கிரானைட் வகையைச் சேர்ந்தது, எடை குறைந்தது, 30 முதல் 40 கிலோமீட்டர் வரை தடித்தது. கடலடி மேலோடோ பசால்ட் என்னும் அடர்ந்த எரிமலைப் பாறை. தடிமன் ஏழு கிலோமீட்டர் அளவுதான். ஹவாய் அந்தக் கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு குவிந்து எழுந்தது. அதைத் தீவு என்பதில் வழக்கே இல்லை. கிரீன்லாந்தில் இருப்பது கண்டப் பாறைதான். எனினும் அது வட அமெரிக்கத் தட்டு என்னும் நகரும் பெரும் பாறைப் பாளத்தின் ஒரு பகுதி, தனிக் கண்டமன்று. அருகிலுள்ள தீவுகளான நியூகினியும் டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவின் கண்டத்திட்டின் மேல், அதாவது கடலுக்கடியில் நீளும் கண்டத்தின் ஆழமற்ற விளிம்பின் மேல், இருக்கின்றன. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, மூன்றும் ஒரே நிலமாக இருந்தன; அன்று அவற்றுக்கிடையே நடந்தே போயிருக்கலாம்.

நியூசிலாந்தை மறந்துவிட்டேனே! அதைச் சுற்றி ஏறத்தாழ 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்ட மேலோடு இருப்பதாகவும், அதில் 94 விழுக்காடு கடலுக்கடியில் கிடப்பதாகவும் கூறி, அதற்குச் சீலாந்தியா என்ற கண்டத் தகுதி தர வேண்டுமென்று 2017-இல் புவியியலாளர்கள் வாதிட்டார்கள். நீர் சூழ்ந்த நிலம் என்பவர்கள், நீரில் மூழ்கிய கண்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அடுத்த காணொளியில் இதே நெகிழித் தாளால் அண்டார்டிகாவை அளக்கப்போகிறேன். முதலில் அதன் நடுவில் இருக்கும் திருகாணியைக் கழற்ற வேண்டும்.