பங்குனியில் பிள்ளைகளோடு ஒரு மாடித் தோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது வேம்பும் புங்கமும் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விடுகின்றன. பள்ளித் தேர்வுகளும் முடியும் தறுவாயில் இருக்கும். வீட்டில் மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளைகள் இருந்தால், மொட்டை மாடியில் ஒரு சிறு தோட்டம் போடலாமே என்று பெற்றோருக்குத் தோன்றும் காலம் இது. தோன்றிய வேகத்தில் இருபது பை, பத்து வகை விதை, ஒரு தட்டு தக்காளி நாற்று என்று வாங்கிக் குவித்துவிடுகிறோம். சித்திரை பாதியில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. பிள்ளைகளும் மாடிப் பக்கம் வருவதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு பை போதும். அதில் வளர்ப்பது பிள்ளையின் பொறுமைக்குள் அடங்குகிற செடியாக இருக்கட்டும். மீதி உழைப்பையெல்லாம் நிழலுக்கும் தண்ணீருக்கும் கொடுங்கள்.

பைகளை எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்குவோம். ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள வட்டப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும். நனைந்த பிறகு எடை 20 கிலோவுக்குக் குறையாது. தளத்தின் நடுவில் பாரம் ஏற்றாமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடுகிற கோட்டில் பைகளை வைப்பது முறை. கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்குங்கள் என்று பலரும் சொல்வது அதனால்தான். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூன்றரை அடிச் சுவருக்கு முன்னால் ஓரடிப் பை நின்றால், அதன்மேல் ஏறி நிற்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுவர் இரண்டரை அடிதான். பை மட்டுமல்ல, செங்கல் அடுக்கு, கவிழ்த்த பக்கெட், பழைய நாற்காலி எதுவுமே அந்தச் சுவரிலிருந்து நாலடிக்குள் இருக்கக் கூடாது.

நல்ல இடம் எது என்றால், மாடிப்படி அறையின் வெளிச்சுவர். அடியில் சுவர் இருப்பதால் எடையைத் தாங்கும். பெரும்பாலான வீடுகளில் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளியும் இருக்கும். அந்த அறைக்குக் கிழக்குப் பக்கம் இடம் கிடைத்தால் இரட்டை லாபம்: காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், பிற்பகலில் அறையின் நிழலே செடிமேல் விழும். பைகளை நேரே தரையில் வைக்காமல் இரண்டு வரிசைச் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். தளத்துச் சூடு வேருக்கு ஏறாது, வடிந்த தண்ணீரும் தேங்காது.

அடுத்தது மண்கலவை. எழுதிக்கொள்வதானால் இப்போது எழுதிக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. 20 லிட்டர் பைக்கு வேப்பம் பிண்ணாக்குத் தூள் 100 கிராம். நார்க்கழிவு கடையில் கட்டியாக அழுத்தி விற்கப்படுகிறது. அதில் உப்பு இருக்கும். பெரிய தொட்டியில் ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊற வையுங்கள். பழுப்பு நிறம் வெளுக்கும் வரை, குறைந்தது இரண்டு முறை. இந்த உப்பைக் கழுவாமல் விட்டால் நாற்றின் இலை நுனி கருகும். வெயில் கருக்கியது என்று நினைத்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். பிழிகிற வேலைக்கு மூன்று வயதுப் பிள்ளை மிகப் பொருத்தம். காய்ந்த நார்த்தூள் மூச்சில் ஏறும், எனவே நனைத்த பிறகே பிள்ளை கையில் கொடுங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். வேரையும் சுடும், பிள்ளைகளின் கைக்கும் ஆகாது. எது எப்படியிருந்தாலும் வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பிண்ணாக்கு மக்கும்போது கலவையில் சூடு கிளம்பும். அதனால் பையை நிரப்பி, ஈரம் காயாமல் ஒரு வாரம் சும்மா விட வேண்டும். விதை போட முடியாத அந்த ஒரு வாரம் பிள்ளைகளுக்கு யுகம். அதற்கு வழி இருக்கிறது. கழுவிய நார்க்கழிவை ஒரு தட்டில் இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, சமையலறை வெந்தயத்தை ஓர் இரவு ஊற வைத்துத் தூவுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிற முளையை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை அடுத்த செடிக்குக் காத்திருக்கும்.

இப்போது நான்கு பைகளுக்கு வருவோம். இரண்டு அகலமான, உயரம் குறைந்த பைகள் கீரைக்கு. ஒன்பது அங்குல உயரம் போதும். பதினைந்து அங்குலப் பை ஒன்று வெண்டைக்கு, இன்னொன்று பீர்க்கைக்கு. தக்காளியை இந்தப் பருவத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டிவிடும். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிய பிள்ளைக்கு ஒரு காய்கூடக் கிடைக்காமல் போவது நியாயமில்லை. கொத்தமல்லியும் இந்தச் சூட்டில் தழைக்காமல் பூவுக்குப் போய்விடும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு அல்லது வேறு அடர்நிறம் பூசிய விதை என்றால் அது பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்த விதை. அதைப் பிள்ளைகள் தொடக் கூடாது. நிறம் பூசாத நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

கீரை விதை பொடிப் பொடியாக இருப்பதால் பிள்ளை கையிலிருந்து ஒரே இடத்தில் கொட்டும். ஒரு தேக்கரண்டி விதைக்கு நாலைந்து கரண்டி காய்ந்த மணல் கலந்து கொடுத்தால் பரவலாக விழும். முதல் நாளே பைக்குத் தண்ணீர் ஊற்றி மண்ணைப் படிய விடுங்கள். தூவிய பிறகு கால் அங்குலத்துக்கு மேல் மண் போடாதீர்கள், ஆழத்தில் போன கீரை விதை மேலே வராது. மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்தி, இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள். வெள்ளை முளை கண்ணில் பட்டதும் சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

முளைக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் எறும்புதான் காரணம். கீரை விதையை அது ஒரே இரவில் இழுத்துப் போய்விடும். பையிலிருந்து சற்றுத் தள்ளி நொய்யோ ரவையோ தூவி வைத்தால் அதன் கவனம் அங்கே போகும். இரண்டாவது காரணம், தண்ணீரைத் தாரையாக ஊற்றி விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடுவது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில், சூடாக்கிய ஊசியால் ஏழெட்டுத் துளை நீங்கள் போட்டுக் கொடுங்கள். அரை லிட்டர் என்றால் அரை கிலோ, நாலு வயதுப் பிள்ளை தூக்கும் எடை. பெரியவர்களின் பூவாளியைக் கொடுத்தால் பாதி தண்ணீர் காலில்தான் விழும். முளைத்த பிறகு புறாவும் சிட்டும் வரும், பழைய கொசுவலையைப் போர்த்துங்கள். நாற்று நெருக்கமாக நின்றால் தண்டடி அழுகி மொத்தமாகச் சாயும். நெருக்கமானவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள், பிடுங்கிய இளங்கீரை அன்றைக்கே பருப்பில் போய்விடும்.

முளைக்கீரையும் சிறுகீரையும் 20 முதல் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். ஒரு பையில் முளைக்கீரை, இன்னொன்றில் அரைக்கீரை என்று பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் அறுவடை மாறி மாறி வரும். விதைத்த தேதியை நாட்காட்டித் தாளில் பிள்ளையே எழுதட்டும்.

வெண்டை விதையை இரவு ஊற வைத்துக் காலையில் ஊன்றுங்கள். பிள்ளையின் சுட்டுவிரல் முதல் கணு வரை மண்ணில் போனால் சரியான ஆழம். மூன்று குழி, மூன்று விதை. முளைத்தபின் நன்றாக நிற்பதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். பங்குனி முதல் வாரத்தில் ஊன்றினால் மே மாதத் தொடக்கத்தில், விடுமுறையில், காய் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஓடிவிடும். செடியின் சுணை சிலர் தோலில் அரிக்கும் என்பதால் பறிக்கும்போது முழுக்கைச் சட்டை நல்லது.

பீர்க்கையில்தான் பிள்ளைகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதன் பூ மாலையில் விரியும். முதலில் கொத்தாக ஆண் பூக்களே வரும், வெயில் கூடக் கூட ஆண் பூ இன்னும் அதிகம். பெண் பூவின் அடியில் விரல் நீளப் பிஞ்சு இருக்கும், பார்த்தவுடன் தெரியும். மாடியில் தேனீ குறைவாக இருந்தால் பெண் பூ காயாமலே பழுத்து உதிரும். மாலை ஐந்தரை மணிக்குமேல் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட வையுங்கள். ஆறு வயதுப் பிள்ளை இதைக் கச்சிதமாகச் செய்யும். பிஞ்சு மூன்று நாலு நாளில் பருத்தால் பிடித்துவிட்டது, மஞ்சளானால் பிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் கொதிநீர். பிள்ளை கையில் குழாயைக் கொடுக்கும் முன் அதை வெளியே ஓட விட்டுத் தொட்டுப் பாருங்கள். மாடித் தொட்டித் தண்ணீரும் மாலை ஐந்து மணிக்குச் சூடாகத்தான் இருக்கும், அதை வேரில் ஊற்றக் கூடாது. காலையிலேயே பிடித்து நிழலில் மூடி வைத்தால் மாலைக்கு உதவும். மூடி கட்டாயம். பக்கெட் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும் ஆபத்து உண்டு, திறந்த நீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவும் உருவாகிவிடும். பறவைக்கு வைக்கும் கிண்ணத்தையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். சித்திரையில் பை ஒன்றுக்குத் தினம் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு இலை துவள்வது இயல்பு. மாலையிலும் நிமிராவிட்டால்தான் தண்ணீர்க் குறை. மாடி வேலை காலை எட்டு மணிக்கு முன்னால், மாலை ஐந்துக்குப் பிறகு, அதுவும் செருப்போடு.

நிழல்வலைக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். தளத்தில் துளை போட்டுக் கம்பி நடுகிற வேலையை ஒத்துக்கொள்ளவே கூடாது. தளத்தில் பதித்த ஓடு வெடித்து அடுத்த மழையில் கூரை ஒழுகும். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் நான்கில் ஏழரை அடி இரும்புக் குழாயை நிறுத்தி, ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று கலந்து கொட்டினால் ஒவ்வொன்றும் 45 கிலோவுக்குமேல் இருக்கும். தூக்குக் குண்டு பிடித்துக் குழாய் நேராக நிற்கிறதா பாருங்கள். ஒரு வாரம் மேலே தண்ணீர் தெளியுங்கள். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும், அன்றைக்குப் பிள்ளைகள் மாடிக்கு வர வேண்டாம். மேலே சவுக்குக் கழி கட்டி, 50 சதவீத நிழல்வலையை விரித்து, மேற்குப் பக்கம் மூன்றடி தொங்க விடுங்கள். கிழக்கு திறந்திருக்கட்டும். கட்டுகள் இழுத்தால் அவிழ்கிற சுருக்காக இருக்க வேண்டும். கோடை மழைக்கு முன்னால் வரும் காற்றில் வலை பாய்மரமாகிக் கழியோடு பறக்கும், மேகம் கறுத்ததும் அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். அந்தக் குழாய்களில் ஒன்றில்தான் பீர்க்கங்கொடி ஏறும்.

தெருவில் இப்போது உதிரும் சருகை இரண்டு மூட்டை சேர்த்துவிடுங்கள். பையில் இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். மீதியைத் துளையிட்ட பழைய பக்கெட்டில் காய்கறிக் கழிவோடு, கழிவு ஒரு பங்கு சருகு இரண்டு பங்கு என்று அடுக்கிவந்தால் இரண்டு மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, சருகைக் கூட்டிக் கிளறுங்கள். வேப்பம்பூவும் இப்போதுதான். விடியுமுன் மரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்து வைத்தால், பொறுக்கி எறும்பை நீக்கி நிழலில் உலர்த்துவது பிள்ளைகளின் வேலை. ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்கு அந்தப் பூவே ஆகும்.

அழகுக்கென்று அரளி வைத்திருந்தால் பிள்ளைகள் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. செங்காந்தள் கிழங்கும் குன்றிமணியும் அப்படியே. மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் பெரியவர்கள் தெளிக்கட்டும். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்குப் போகிற நாலைந்து நாளுக்கு மண்கலயம் உதவும், அதன் நுண்துளைகள் வழியே தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். ஒரு லிட்டர் பிடிக்கிற, வண்ணம் பூசாத கலயத்தை வெண்டைப் பையிலும் பீர்க்கைப் பையிலும் விதை ஊன்றும்போதே கழுத்து வரை புதைத்துவிடுங்கள். பிறகு தோண்டினால் வேர் அறும். வாங்கியவுடன் தண்ணீர் நிரப்பி வைத்துச் சோதியுங்கள், வெளிப்புறம் ஈரம் பூக்காத கலயம் பயன்படாது. உப்பு நீராக இருந்தால் துளைகள் அடையும், அறுவடை முடிந்ததும் எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். நல்ல வெயிலில் கலயம் ஒரே நாளில் வற்றலாம். அதனால் கிளம்பும் முன் பையை முழுக்க நனைத்து, மூடாக்கைத் தடிமனாக்கி, கலயத்தை நிரப்பி வாயைச் சிரட்டையால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிரப்பச் சொல்லிவிட்டுப் போங்கள். பைகளில் உள்ள கீரையை மட்டும் முந்தின நாளே அறுத்துவிடுங்கள். வணக்கம்.