தைப்பூசத்துக்கு முதல் நாளே பினாங்குக்கு வந்துவிடுங்கள்

வணக்கம் மக்களே. ஜார்ஜ்டவுன், லெபோ பினாங்கில் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே, இதுதான் நகரத்தார் கோவில் வீடு. நாளை செட்டிப்பூசம், அதாவது நகரத்தார் ரதம் எடுக்கும் முதல் நாள், மறுநாள் தைப்பூசம். நாளைக் காலையில் முருகனின் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும்.

தைப்பூசம் என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். கன்னத்தில் அலகு, முதுகில் கொக்கி, மறுபடியும் அலகு. அலகுக் காவடி எடுப்பவர்கள் வாரக்கணக்கில் விரதம் இருந்து வருகிறார்கள், அவர்களுடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த நாளின் வேர் அலகில் இல்லை. எதையாவது சுமந்துகொண்டு நடந்துபோய் சாமியிடம் சேர்ப்பதில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தைப்பூசத்தன்று மட்டும் வந்தால் போதாது.

சரி, கொஞ்சம் பழைய கதை. தை மாதம், பூச நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டி வரும் நாள். பலர் இதை முருகனுக்கு மட்டுமே உரிய நாள் என்று நினைக்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் தைப்பூசத்தைப் பாடும்போது, அது கபாலீச்சரத்துச் சிவனுக்கு நடக்கும் விழா. அன்னை பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்பது இன்று நம் எல்லோர் வாயிலும் இருக்கும் கதை. வடலூரில் இதே நாளில் வள்ளலார் அன்பர்கள் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம் பார்க்கிறார்கள். ஒரே நாளுக்கு இத்தனை வாசல்கள்.

பினாங்குக்கு வந்த வாசல் பழனி. செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள், இன்றும் போகிறார்கள். பர்மா, இலங்கை, மலாயா என்று எங்கே கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போனாலும் தண்டாயுதபாணியைக் கூடவே அழைத்துப் போனார்கள். இந்தத் தெருவில் அவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. 1850-களிலேயே தண்ணீர்மலைச் சாலையில் கோவில் கட்டிவிட்டார்கள். கடல் தாண்டி வந்தவனால் ஒவ்வொரு தையிலும் பழனிக்கு நடக்க முடியுமா? அதனால் இங்கேயே ஒரு நடைபாதை உண்டானது. கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை வரை பத்து கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ரதம் போய்ச் சேர இரவாகிவிடும்.

ஏன் அவ்வளவு நேரம்? தேங்காய்!

வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் வந்தது. காளைகள் இழுக்கும். அது வரும் வழியெல்லாம் தேங்காயைக் குன்று குன்றாகக் குவித்து, உச்சியில் சூடம் ஏற்றிக் காத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தார்ச்சாலையில் ஓங்கி அடிப்பார்கள் பாருங்கள், சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சில்லு பறக்கும், தேங்காய்த் தண்ணீர் முட்டிவரை தெறிக்கும். கால் மூடிய செருப்புப் போட்டு வாருங்கள், ஓரமாகவே நில்லுங்கள். குவித்து வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சீனர்களாகத்தான் கண்ணில் படுவார்கள். கையில் ஊதுபத்திக் கட்டு, வாயில் சீனத்தில் வேண்டுதல், எதிரே நம் முருகன். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

ரதத்தோடு நடக்கும் நகரத்தார் காவடிகளைக் கவனியுங்கள். வளைந்த மரம், மயிற்பீலி, அவ்வளவுதான். அலகு கிடையாது. பழனிப் பாதயாத்திரையில் பார்க்கும் அதே காவடி.

2017-லிருந்து தங்க ரதமும் வருகிறது. குவீன் தெரு மகா மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனின் வேல் ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோவிலுக்குப் போகும்.

அடுத்த நாள் தைப்பூசம். மலைக்கோவிலுக்கு 513 படி. உறுமி மேளம் எங்கே கேட்கிறதோ அங்கே கூட்டம் ஓடும். நீங்கள் ஓடாமல் படியோரம் ஒரு பத்து நிமிடம் நின்று பால்குடங்களைப் பாருங்கள். மஞ்சள் உடை, தலையில் ஒரு செம்பு, அதன் வாயை மஞ்சள் துணியால் மூடி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு கை செம்பில், இன்னொரு கையில் பிள்ளை. பால் ததும்பிவிடக் கூடாதே என்று கழுத்து அசையாமல், கண் மட்டும் கீழே அடுத்த படியைத் தேடும். பிள்ளை வரம், நோய் தீர்ந்தது, பரீட்சை, வேலை, எத்தனையோ நேர்த்திக்கடன்கள் அந்தச் செம்புகளில் ஏறுகின்றன. தயவுசெய்து அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். வழி விடுங்கள், பாட்டிமார் வந்தால் "அரோகரா" சொல்லிக் கைகொடுங்கள்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலை இருக்கிறது, தெரியும். தம்புசாமிப் பிள்ளையால் வந்த கோவில், 1892-லிருந்து அங்கே தைப்பூசம். அங்கேயும் முதல் நாள் இரவு மாரியம்மன் கோவிலிலிருந்து ரதம் புறப்படுவதைப் பார்க்காமல், நேரே 272 படிக்குப் போய்விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021-இல்தான் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விட்டார்கள். நமக்குப் பினாங்கிலும் சிலாங்கூரிலும் அதற்கு வெகுகாலம் முன்பே விடுமுறை. இதை வெளியூர் நண்பர்களிடம் நான் பெருமையாகவே சொல்வேன்.

அப்புறம் இடும்பன். அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டு மலையையும் ஒரு தண்டில் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். பழனியில் இறக்கி வைத்தவன் மறுபடி தூக்க முடியாமல் முருகனோடு சண்டைக்குப் போய் உயிரை விட்டான், முருகன் அருளால் எழுந்தான். தன்னைப் போல் சுமந்து வருபவர்களுக்கு அருள வேண்டும் என்று அவன் கேட்டதுதான் காவடி.

அதனால் காவடி இறக்கியதோடு எல்லாம் முடிந்துவிடாது. சில நாள் கழித்து வீட்டில் இடும்பன் பூசை போட்டுத்தான் பலர் விரதத்தை முடிப்பார்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சில வீடுகளில் சைவப் படையல், சில வீடுகளில் கோழியும் சுருட்டும் இருக்கும். கேமரா அங்கே போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் காவடி எடுத்த நண்பர் யாராவது கூப்பிட்டால் போங்கள், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.