பப்ல இருந்து மருந்துக்கடை வரைக்கும்: பிரிட்டன் சட்டம் எங்கெங்க கை வைக்குது?

வணக்கம் மக்களே. மேஜையில ஒரு பைன்ட் கிளாஸ், ஒரு விஸ்கி பாட்டில், ஒரு மருந்துக்கடை பில் இருக்கு. பிரிட்டன்ல போட்ட சட்டம் இந்த மூணுக்குள்ளயும் எங்க உட்கார்ந்திருக்குன்னு இன்னைக்குக் கணக்கோட பார்க்கலாம். படிக்க வர்றவங்க, பிள்ளைங்களைப் பார்க்க வர்ற அப்பா அம்மா, எல்லார் பர்சையும் தொடுற கணக்குதான். குடிக்காதவங்க வீடியோவை மூடிடாதீங்க, பின்பாதி ஆஸ்பத்திரி சமாச்சாரம்.

முதல்ல கிளாஸ். பைன்ட்னா 568 மில்லி. பப்ல குழாய்ல பிடிச்சுத் தர்ற பியரை மூணுல ஒரு பங்கு, அரை, மூணுல ரெண்டு பங்கு, முழு பைன்ட், இந்த அளவுலதான் விக்கணும். "சும்மா ஒரு 400 மில்லி ஊத்துங்க"ன்னா ஊத்த மாட்டாங்க, ஊத்தவும் கூடாது. இந்தக் கிளாஸ் பாருங்க, விளிம்பு வரைக்கும் நிரம்பினாத்தான் பைன்ட். அப்போ நுரைக்கு எங்க இடம்? சண்டையே அங்கதான். நுரை அடங்கினதும் 95 சதவீதமாவது பியரா இருக்கணும்னு தொழில் வழிகாட்டுதல் இருக்கு. குறைஞ்சா "டாப் அப்"னு கேளுங்க, யாரும் முறைக்க மாட்டாங்க. கோடு போட்ட கிளாஸ்னா இந்த வம்பே இல்ல. கோடு வரைக்கும் பியர், மேல நுரை.

ஜின், ரம், வோட்கா, விஸ்கி நாலுக்கும் 25 மில்லி, இல்லன்னா 35 மில்லி. ரெண்டுல ஒண்ணைத்தான் ஒரு பப் வச்சிருக்கலாம், எதுன்னு எழுதியும் மாட்டணும். அதனால ஒரு பப்ல 'டபுள்'னா 50, அடுத்த தெருவுல 70. நம்ம ஊர் 60 மில்லி லார்ஜ் கணக்கை மனசுல வச்சுக்கிட்டுக் குடிச்சா கணக்கு தப்பும். ஒயின்ல இன்னொரு தந்திரம் நடக்கும். இங்கிலாந்து, வேல்ஸ்ல 125 மில்லி கிளாஸ் கண்டிப்பா இருக்கணும், மெனுவுலயும் போட்டிருக்கணும். ஆனா அளவு சொல்லாம "ஒரு ஒயின்"னு கேட்டா 175 வந்து நிக்கும். சின்ன அளவும் இருக்குன்னு சொல்ல வேண்டியது கடைக்காரங்க பொறுப்பு. குழாய்த் தண்ணி கேட்டா காசில்லாம தரணும்ங்கறதும் அதே நிபந்தனைகள்லதான் வருது.

வயசு 18. பார்க்க 25க்குக் கீழ இருந்தாலே அடையாள அட்டை கேப்பாங்க. பாஸ்போர்ட்டை போன்ல போட்டோ எடுத்துக் காட்டினா செல்லாது, ஏன்னா ஹோலோகிராம், புற ஊதா அடையாளம் எதையும் போட்டோவுல சரிபார்க்க முடியாது.

இப்போ நேரம். முதல் உலகப்போர்ல ஆயுதத் தொழிற்சாலை ஆளுங்க போதையில வேலைக்கு வந்துடக்கூடாதுன்னு மதியம் பப்பை மூட வச்சாங்க. போர் 1918ல முடிஞ்சிருச்சு. மதியம் மூடுறது மட்டும் முடியல. இங்கிலாந்துல ஞாயிறு தவிர மத்த நாள் மதியம் திறக்கவே 1988 ஆச்சு! 70 வருஷம். ராத்திரி 11 மணி மூடலும் அப்படித்தான். 11க்கு எல்லா பப்பும் ஒரே நேரத்துல ஆளை வெளிய தள்ளும், எல்லாரும் ஒரே டாக்ஸிக்கு முட்டிக்குவாங்க. 2003 லைசென்சிங் சட்டம் 2005 நவம்பர் 24ல நடைமுறைக்கு வந்ததும், ஒவ்வொரு பப்புக்கும் அதது லைசென்ஸ்ல எழுதின நேரம்னு ஆயிருச்சு.

இதுல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு. யாராவது புதுசா லைசென்ஸ் கேட்டா, வெளிறின நீல நிறத் தாள்ல, ஏ4 அளவுக்குக் குறையாம, எழுத்து 16 புள்ளிக்குக் குறையாம, கடை வாசல்ல 28 நாள் ஒட்டி வைக்கணும். உங்க ஆட்சேபணை அந்த 28 நாளுக்குள்ள கவுன்சிலுக்குப் போயாகணும். குற்றம், பொதுப் பாதுகாப்பு, தொல்லை, குழந்தைகள் பாதுகாப்பு, இந்த நாலுல ஒண்ணைத் தொட்டு எழுதினாத்தான் எடுத்துக்குவாங்க. "என் வீட்டு விலை குறையும்", "ஏற்கெனவே தெருவுல மூணு பப் இருக்கு"ன்னு மட்டும் எழுதினா ஓரமா வச்சிருவாங்க. "ராத்திரி 12க்கு மேல என் படுக்கையறை ஜன்னலுக்கு நாலு மீட்டர்ல நின்னு புகைபிடிக்கிறாங்க, இந்தந்தத் தேதி, இத்தனை மணி"ன்னு எழுதணும், அதுக்குத்தான் மதிப்பு.

அந்த நாலுல என்ன இல்லன்னு கவனிச்சீங்களா? மக்கள் உடல்நலம். இங்கிலாந்து சட்டத்துல அது ஒரு நோக்கமே கிடையாது. "இந்தப் பகுதியில கல்லீரல் நோய் அதிகம்"னு மட்டும் சொல்லி ஒரு கடையைத் தடுக்கிறது ரொம்பக் கஷ்டம். ஸ்காட்லாந்துல தனிச் சட்டம், அதுல அஞ்சாவது நோக்கமா உடல்நலம் இருக்கு. ஒரே தீவு, ஒரே ராஜா. ஆனா குடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல முடிச்சுப் போட்டது ஸ்காட்லாந்துதான்னு நான் நினைக்கிறேன்.

அந்த முடிச்சை இந்த பாட்டில்ல பாருங்க. 700 மில்லி, 40 சதவீதம். பெருக்கினா 280 மில்லி சுத்த ஆல்கஹால். 10 மில்லி ஒரு யூனிட், ஆக 28 யூனிட். ஸ்காட்லாந்துல 2018 மே 1ல இருந்து ஒரு யூனிட்டுக்குக் குறைஞ்சது 50 பென்ஸ். 2024 செப்டம்பர் 30ல இருந்து 65. 28ஐ 65ஆல பெருக்குங்க: 18 பவுண்டு 20 பென்ஸ். இதுக்குக் கீழ எந்த சூப்பர் மார்க்கெட்டும் இதை விக்க முடியாது. எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் இருக்கிற கார்லைல் ஊருக்குப் போனா இந்த விதி இல்ல. மது வரியும் அந்த வரிக்கு மேல போடுற வாட் (VAT) வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழ விக்காதேன்னு மட்டும்தான் அங்க.

பப்புக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகல. 4 சதவீத பியர் ஒரு பைன்ட்ல 2.27 யூனிட், குறைந்தபட்ச விலை ஒண்ணரைப் பவுண்டு கூட வராது. எந்த பப்பும் அந்த விலைக்கு விக்கிறதில்ல. அடி வாங்கினது மலிவு சைடர், அதாவது ஆப்பிள்ல செய்யற மது. 3 லிட்டர், 7.5 சதவீதம், 22.5 யூனிட், இப்போ 14 பவுண்டு 63 பென்ஸ். மதுவால மட்டுமே வர்ற மரணங்கள், இந்த விதி இல்லாம இருந்தா எதிர்பார்த்திருக்கக்கூடிய எண்ணிக்கையை விட 13.4 சதவீதம் குறைஞ்சதா ஆய்வு சொல்லுச்சு. ஆனா குடிக்கு அடிமையானவங்கள்ல சிலர் சாப்பாட்டுக் காசைக் குறைச்சுக் குடிச்சாங்கன்னும் தெரிய வந்துச்சு. விலை மட்டும் ஏத்தி, சிகிச்சைக்கு இடம் இல்லன்னா அப்படித்தான் ஆகும்.

புகை விஷயத்துக்கு ஒரே ஒரு கணக்கு. இங்கிலாந்துல 2007 ஜூலை 1ல இருந்து பப்புக்குள்ள புகைக்க முடியாது, அதனால பின்பக்கம் கொட்டகை போட்டாங்க. கூரை இருந்தா, சுவர்ப் பரப்புல பாதியாவது திறந்திருக்கணும். 4க்கு 2 மீட்டர் கொட்டகை, உயரம் 2.5 மீட்டர்னா மொத்தச் சுவர் 30 சதுர மீட்டர், 15 திறந்திருக்கணும். நீளப் பக்கம் ஒண்ணை மட்டும் எடுத்தா 10தான், போதாது. கூடவே குட்டைப் பக்கம் ஒண்ணையும் எடுக்கணும். நிறையப் பேர் மாட்டுறது எங்கன்னா, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு அதையும் சேர்த்து எண்ணுறது. திறந்து மூடக்கூடிய எதையும் திறப்பா எண்ணக் கூடாது. கடைக்காரருக்கு 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம்.

இனி ஆஸ்பத்திரி. என்.எச்.எஸ்.ங்கற பிரிட்டனோட அரசு மருத்துவ சேவை 1948 ஜூலை 5ல தொடங்கினப்போ கண்ணாடி, பல்செட், மருந்து எல்லாமே இலவசம். மருந்துக்குக் கட்டணம் 1952ல ஒரு ஷில்லிங்கா வந்துச்சு, 1965ல எடுத்தாங்க, 1968ல திரும்பக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துல மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. இங்கிலாந்துல 2024 மே மாசத்துல இருந்து ஒரு மருந்துக்கு 9 பவுண்டு 90 பென்ஸ். சீட்டுக்கு இல்ல, மருந்துக்கு. சீட்டுல மூணு மருந்து இருந்தா 29.70.

விசா போடும்போது சுகாதாரக் கட்டணம் கட்டுறோமேன்னு கேப்பீங்க. 2024 பிப்ரவரி 6ல இருந்து மாணவர்களுக்கு வருஷம் 776 பவுண்டு. ஒரு வருஷ எம்.எஸ்.சி.க்கு விசா முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வருஷத்தைத் தாண்டும், மிச்சம் ஆறு மாசத்துக்குள்ளன்னா பாதிக் கட்டணம், ஆக 1,164. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. மருந்து, பல், கண்ணாடி தனி. அப்பா அம்மா சுற்றுலா விசாவுல வந்தா அந்தக் கட்டணமே கட்டுறதில்ல. ஜிபிய, அதாவது பக்கத்துல இருக்கிற பொது டாக்டரைப் பார்க்கலாம், அவசரப் பிரிவுல பார்க்கிறதும் இலவசம், ஆனா வார்டுல சேர்த்த நிமிஷம் மீட்டர் ஓட ஆரம்பிக்கும், அதுவும் வழக்கமான கட்டணத்துல 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல பாக்கி வச்சா அடுத்த விசா மறுக்கப்படலாம். பயணக் காப்பீடு இல்லாம அனுப்பாதீங்க.

கடைசியா இந்த பில். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்களுக்கு எல்லா மருந்தும் இலவசம், ஆனா விலக்குச் சான்றிதழ் கையில இருக்கணும். நோய் இருக்கு, சான்றிதழ் இல்ல, "இலவசம்" கட்டத்துல டிக் அடிச்சுட்டா 100 பவுண்டு வரைக்கும் அபராதம் வீட்டுக்கு வரும். இப்படி விலக்கு கிடைக்கிற நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு, ஆஸ்துமா அதுலயே இல்ல. பட்டியலோட அடிப்படை 1968, அதுக்கு அப்புறம் பெருசா மாத்துனது 2009ல புற்றுநோயைச் சேர்த்ததுதான். இன்ஹேலர் வாங்குறவங்க முன்பணச் சான்றிதழ் வாங்குங்க, ஒரு தொகையை முன்னாடியே கட்டிட்டா அந்தக் காலம் முழுக்க மருந்துக்குத் தனியா காசு கட்ட வேண்டாம்: மூணு மாசத்துக்கு 32.05, வருஷத்துக்கு 114.50. மூணு மாசத்துல நாலு மருந்து, இல்ல வருஷத்துக்கு 12 மருந்து வாங்கினாலே லாபம். வருஷக் கட்டணத்தைப் பத்துத் தவணையா கட்டலாம். சான்றிதழ் வர்றதுக்குள்ள மருந்து வாங்கணும்னா, காசு கொடுக்கும்போதே எஃப்.பி.57 ரசீது கேளுங்க. அந்த ரசீது இருந்தா மூணு மாசத்துக்குள்ள காசைத் திரும்ப வாங்கலாம். இந்த மாதிரி சாதா பில்லை அப்புறம் கொண்டு போய் நீட்டினா வேலைக்கு ஆகாது, எஃப்.பி.57ஐப் பின்னாடி எழுதித் தர மாட்டாங்க.