செத்த கர்னலைக் கடித்த நாய்: கர்னல் பேனிக்கின்போது உள்ளே நடப்பது என்ன?

[திரையில்: கறுப்பு டெர்மினல். ஒரே ஒரு ஃபைல் பெயர்.]

இந்தப் பெயரைப் பாருங்கள்: விஎம்கோர்-இன்கம்ப்ளீட். கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, விழுந்தபோது மெமரியில் இருந்ததன் அரைகுறைப் பிரதி.

என் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. அதை நானே வேண்டுமென்று கிராஷ் செய்தேன். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக உள்ளே போய், கர்னலுக்கு நேரடியாக ஆணையிடும் சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் ஃபைலில் 'சி' என்று ஒரே ஓர் எழுத்தை எழுதினால் போதும், லினக்ஸ் அந்த இடத்திலேயே விழும். (ஆபீஸ் சர்வரில் முயன்றுவிட்டு என்னைத் தேடி வராதீர்கள்.) விழுந்ததும் மெமரியில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைக்கும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். எழுத ஆரம்பித்தது. சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று திரை அணைந்து மெஷின் புதிதாக ஆன் ஆகும்போது வரும் பயாஸ் லோகோ வந்துவிட்டது. கரண்ட் போகவில்லை. மறுபடி செய்தேன், மறுபடியும் பாதியில். மூன்றாம் தடவை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். சொல்லி வைத்தாற்போல் அரை நிமிடம்.

யார் செய்த வேலை? காவலுக்கு நானே கட்டி வைத்த நாய், வாட்ச்டாக்!

சரி, கொஞ்சம் பின்கதை, வேகமாக முடித்துவிடுகிறேன். கர்னலுக்குள் இனிமேல் எதையும் நம்ப முடியாது என்ற நிலை வந்தால், அது பேனிக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். இந்தப் பெயர் யூனிக்ஸ் காலத்துச் சொத்து. மல்டிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை பார்த்த டாம் வான் விளெக் ஒரு கதை எழுதியிருக்கிறார். தான் எழுதும் கோடில் பாதி, தவறு நடந்தால் மீள்வதற்கான கோடுதான் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொன்னாராம். ரிச்சியோ, யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒன்று இருக்கிறது, அது வந்தால் மெஷின் விழும், வராந்தாவைப் பார்த்து "ரீபூட் பண்ணு" என்று கத்துவோம் என்றாராம். இன்றும் நாம் செய்வது அதுதானே, வராந்தாவுக்குப் பதில் வாட்ஸ்ஆப் குரூப்.

லினக்ஸ் திரையில் 'கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்' என்று வருகிறதே, அது 'பாட்டுப் பாடவில்லை' இல்லை. கல்லூரியில் ஒரு வருடம் நான் அப்படித்தான் படித்தேன். மெமரியில் காத்திருக்கும் தகவலை டிஸ்க்கோடு ஒத்திசைக்க மாட்டேன் என்று அர்த்தம். கெட்டுப்போன மெமரியை டிஸ்க்கில் எழுதினால் டிஸ்க்கும் கெடும், அவ்வளவுதான் விஷயம்.

[திரையில்: எட்டுக் கட்டங்கள். ஒன்று சிவப்பு, ஏழு பச்சை.]

ஒரு மெஷினில் எட்டு சிபியு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சிவப்பில் இருப்பது விழுந்த சிபியு. மற்ற ஏழுக்கும் விஷயமே தெரியாது. அவை பாட்டுக்கு மெமரியை மாற்றிக்கொண்டும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டும் இருக்கும். முதலில் அவற்றை நிறுத்த வேண்டும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) மெஷினில் சாதாரண பேனிக் என்றால், சிவப்பு சிபியு மற்றவற்றுக்கு ஐபிஐ என்ற இன்டரப்டை, அதாவது 'கையில் இருப்பதை விட்டுவிட்டு இதைக் கவனி' என்ற சிக்னலை அனுப்பும். இது அம்மா சமையலறையிலிருந்து "சாப்பிட வாடா" என்று கூப்பிடுவது. காது கேட்கிறவன் எழுந்து வருவான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேம் ஆடுகிறவன்? அதாவது, இன்டரப்டையே அணைத்து வைத்துவிட்டு ஏதோ ஒரு லாக் (பூட்டு) திறக்கக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கும் சிபியு? அதற்குக் கேட்கவே கேட்காது. அம்மா அதிகபட்சம் ஒரு வினாடி பொறுப்பார். அப்புறம் என்எம்ஐ. மறைக்க முடியாத இன்டரப்ட். முதுகில் பளார் என்று ஒன்று. இயர்போன் இருந்தாலும் விழும். அதற்குப் பிறகு வெறும் 10 மில்லிசெகண்ட் காத்திருந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

நான் முன்பே செய்திருந்த மெமரிப் பிரதி ஏற்பாட்டின் பெயர் கேடம்ப். அது இருந்தால் அம்மா கூப்பிடுவதே இல்லை, எடுத்த எடுப்பில் அடிதான். எனக்கு இது பிடித்திருக்கிறது. கிராஷ் ஆன வீட்டில் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரே நேரத்தில் இரண்டு சிபியு பேனிக் ஆனால்? முதலில் வந்தது மட்டும் நடத்தும், மற்றது ஓரமாக நின்றுவிடும்.

கேடம்ப் என்றால் என்ன என்று கேட்பீர்கள். 2005-இல் 2.6.13 கர்னலோடு வந்தது. பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி, அதில் இன்னொரு கர்னலைத் தூங்க வைத்திருப்பார்கள். முதல் கர்னல் விழுந்ததும், பயாஸ் பக்கமே போகாமல் நேராக இரண்டாவதற்குள் குதிக்கும். அது எழுந்து, செத்தவரின் மெமரியை விஎம்கோர் ஃபைலாக எழுதும். எழுதி முடிக்கும் வரை பெயரில் இன்கம்ப்ளீட் ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கமாக இது ஒரே சிபியுவில்தான் ஓடும். ஏனென்றால், கிராஷ் ஆனது பூட் சிபியு (மெஷின் ஆன் ஆகும்போது முதலில் எழுவது) அல்லாத வேறொன்று என்றால், பூட் சிபியுவை எழுப்பப் போய் மெஷினே ரீசெட் ஆகிவிடக்கூடும்.

இனி நாய்க்கு வருவோம். வாட்ச்டாக் என்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு டைமர். இத்தனை வினாடிக்குள் யாராவது வந்து சோறு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் மெஷினை ரீசெட் செய்துவிடும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் வன்பொருள் டைமரில் அதிகபட்ச கெடு சுமார் 16 வினாடிதான். என் டெஸ்க்டாப்பில் 30 வைத்திருந்தேன், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அவ்வப்போது சோறு வைத்துவந்தது. ஒழுங்காக நிறுத்த வேண்டுமானால், வாட்ச்டாக் ஃபைலில் பெரிய 'வி' எழுத்தை எழுதிவிட்டு மூட வேண்டும். எழுதாமல் மூடினால், சோறு வைக்கிறவனே செத்துவிட்டான் என்று நாய் முடிவு கட்டிவிடும்.

பேனிக்கின்போது யார் 'வி' எழுதுவது? சிஸ்டம்டி போய்விட்டது, முதல் கர்னலும் போய்விட்டது. ஆனால் நாய் கர்னலுக்கு வெளியே, தனி வன்பொருளில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. அதன் பார்வையில் வீட்டில் ஆளில்லை. உள்ளே இரண்டாவது கர்னல் மும்முரமாகச் சாட்சியம் எழுதிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. 30 ஆனதும் கடித்துவிட்டது.

தப்பு நாயுடையது இல்லை. இரண்டாவது கர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் (தேவையான டிரைவர்களும் கருவிகளும் கொண்ட ஃபைல் மூட்டை) சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் டிரைவர்களை வெட்டித்தள்ளியதில் வாட்ச்டாக் டிரைவரும் போயிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்தேன். டிரைவர் ஏறியதும், ஓடிக்கொண்டிருக்கும் டைமரை அடையாளம் கண்டு, யூசர்ஸ்பேஸிலிருந்து (கர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களிலிருந்து) யாராவது வந்து பொறுப்பேற்கும் வரை கர்னலே சோறு வைக்கும்.

அதற்காக நாயே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கேடம்ப் இல்லாத மெஷினில் பேனிக் டைமவுட் (பேனிக் ஆகி எத்தனை வினாடியில் ரீபூட் ஆக வேண்டும் என்ற அமைப்பு) 0 என்றால் அது ரீபூட்டே ஆகாமல் காலம் முழுக்க அப்படியே நிற்கும். மலை உச்சி டவரில் இருக்கும் பெட்டி என்றால் யார் ஏறிப்போய் பட்டனை அழுத்துவது? அங்கே நாய்தான் தெய்வம்.

கர்னலுக்குள்ளேயே மென்பொருள் நாய் ஒன்றும் உண்டு, ஒரு சிபியு வேறு வேலைக்கு இடம் விடாமல் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் குரைக்கும். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'சாஃப்ட் லாக்அப், சிபியு 22 வினாடியாக மாட்டிக்கொண்டது' என்ற மெசேஜைப் பார்த்திருப்பீர்கள். எங்கே தேடினாலும் 22 அல்லது 23. ஏன் 20 இல்லை? கெடு 20 வினாடிதானே?

[திரையில்: பெருக்கல் கணக்கு.]

ஒரு வினாடிக்கு 100 கோடி நானோசெகண்ட். அதால் வகுப்பதற்குப் பதில், வேகத்துக்காக எண்ணை 30 பிட் வலது பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அது 107 கோடியே 37 லட்சத்தால் வகுப்பதற்குச் சமம். ஆகவே இந்த நாயின் வினாடி நம்முடையதைவிட ஏழு சதவீதம் நீளம். அதன் 20, நமக்கு 21.5. அது எட்டிப் பார்ப்பதோ 4 வினாடிக்கு ஒரு தடவை. 20-இல் பார்க்கும்போது கெடு தாண்டவில்லை. அடுத்து 24-இல் பார்க்கும். 24-ஐ அதன் வினாடியில் போட்டால் 22.35. நாம் காணும் 22 இதுதான், தசமத்தை வெட்டும் விதத்தில் சில சமயம் 23. காத்திருந்தது நிஜத்தில் சுமார் 24 வினாடி! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் பழைய லாகில் (கர்னல் மெசேஜ் பதிவில்) தேடிப் பாருங்கள். கெடுவை மாற்றாத மெஷினில், முதல் மெசேஜிலேயே வேறு எண் இருந்தால் கமெண்டில் போடுங்கள். விர்ச்சுவல் மெஷின்காரர்கள் வரிசையில் வரவேண்டாம், உங்கள் கடிகாரம் தனிக் கதை, அதற்கு இன்னொரு வீடியோ.

[திரையில்: அதே டெர்மினல். ஃபைல் பெயரில் இன்கம்ப்ளீட் இல்லை.]