புள்ளிராஜா யாருப்பா?

நேயர்களுக்கு வணக்கம். 2003-இல் தமிழ்நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஓர் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் இருந்ததே, நினைவிருக்கிறதா? ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ புள்ளிராஜா என்பது விளம்பரத்துக்காக வைத்த கற்பனைப் பெயர்.

அப்போது நான் அறிவியல் டீச்சர். என் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பாவோடு டவுன் பஸ்ஸில் போகும்போது அதைப் படித்துவிட்டு, “புள்ளிராஜா யாருப்பா? அவருக்கு எதுக்கு எய்ட்ஸ் வரணும்?” என்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள். பஸ் நிறைய ஆட்கள். “வாயை மூடிக்கிட்டு வா” என்றுவிட்டார் அப்பா. சரி, அம்மாவிடம் கேட்போம் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டால், “பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?” மறுநாள் இடைவேளையில் என்னிடம் வந்தாள். தாவணி நுனியைத் திருகிக்கொண்டே நின்றுவிட்டு, கடைசியில் கேட்டாள்: “டீச்சர், புள்ளிராஜா கெட்டவரா?”

பாருங்கள், வீட்டில் ஒருவரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டாள். எய்ட்ஸ் கெட்டவர்களுக்கு வரும். அதைப் பற்றிக் கேட்டால் நாமும் கெட்டவள்.

இந்தியாவில் எய்ட்ஸுக்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சுவரில் எழுதினோம், தெருக்கூத்து போட்டோம். சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசவே இல்லை.

சில வருடம் கழித்து இன்னொரு பிள்ளை. பாட்டி வளர்த்த பையன். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்று. தினமும் சாப்பிடுவது ‘சத்து மாத்திரை’ என்று பாட்டி சொல்லிவைத்திருந்தார். நான் எய்ட்ஸ் பாடம் நடத்திய அன்று வகுப்பு முடிந்ததும் வந்து, “டீச்சர், சத்து மாத்திரையை ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாதுங்கிறாங்க?” என்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் கேட்கும்படி விட்டோமே, பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்லவா அது?

பெண் பிள்ளைகளிடமாவது “பசங்ககிட்ட ஜாக்கிரதை” என்கிறோம். எதற்கு ஜாக்கிரதை என்பதைச் சொல்வதில்லை. பையன்களிடம் அந்த அரை வாக்கியமும் கிடையாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. எச்.ஐ.வி. தொற்றும் வழி இவ்வளவுதான். இதைப் பத்தாம் வகுப்புப் பையனிடம் அப்பா சொல்லலாம். கொசு கடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியலடா, கேட்டுச் சொல்றேன்” என்றால் போதும். கேட்டு வந்து சொல்லிவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

மருந்தைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். விடாமல் சாப்பிட்டால் நீண்ட நாள் நன்றாக வாழலாம். கர்ப்பிணி முறையாகச் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று கேளுங்கள். போனில் கேட்க 1097, கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் குறித்துக்கொள்ளட்டும்: ஒன்று, பூஜ்யம், ஒன்பது, ஏழு. வணக்கம்.