முட்டை காட்டிக்கொடுக்கும் சுறா

வணக்கம் நண்பர்களே. திரையில் இரண்டு சுறாக்களின் படங்களை அருகருகே வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் தட்டையான அகன்ற தலை, பருத்த உடல், முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள். ஆபத்து நெருங்கினால் இரண்டுமே தண்ணீரை விழுங்கி, நம் பேத்தை மீனைப் போல வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும் ஸ்வெல் ஷார்க்குகள். இடப்பக்கம் இருப்பது நியூசிலாந்துக் கடலில் மட்டுமே வாழும் செபலோசிலியம் இசபெல்லா. வலப்பக்கம் இருப்பது தென் ஆஸ்திரேலியாவில், குறிப்பாகத் தாஸ்மேனியாவைச் சுற்றி மிகுதியாகக் கிடைக்கும் செபலோசிலியம் லாட்டிசெப்ஸ்.

பெயரை நம்பிப் பயனில்லை. லாட்டிசெப்ஸ் என்றால் அகன்ற தலை என்று பொருள். ஆனால் இசபெல்லாவின் தலையும் அப்படித்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் இசபெல்லாவைக் கார்பெட் ஷார்க் என்றும் அழைக்கிறார்கள். உண்மையான கார்பெட் ஷார்க்குகளோ வேறொரு வரிசையைச் சேர்ந்தவை.

நிறம் ஓரளவு உதவும். இசபெல்லாவின் முதுகில் சேணம் போட்டதைப் போன்ற கரும்பட்டைகள் 11 வரை இருக்கும். அவை பக்கவாட்டுத் திட்டுகளோடு மாறி மாறி அமைந்து சதுரங்கப் பலகையை நினைவூட்டும். லாட்டிசெப்ஸின் பட்டைகள் நெருக்கமானவை, அவற்றிடையே சிறு புள்ளிகளும் தூவிக் கிடக்கும். வளர்ந்த லாட்டிசெப்ஸைப் புரட்டினால், வெளிறிய அடிவயிற்றின் நடுவே கருங்கோடு ஒன்று ஓடுவதைக் காணலாம். ஆயினும் வலையில் கசங்கி நிறம் மங்கிய மீனைப் புகைப்படத்தில் பார்த்து இதைச் சொல்வது எளிதன்று என்பதே என் கருத்து.

எனக்குப் பிடித்த அடையாளம் முட்டைக்கூடுதான். இந்தப் படத்தைச் சற்றுப் பெரிதாக்குகிறேன். இரண்டுமே குப்பி வடிவில், மூலைகளிலிருந்து சுருண்ட நீண்ட இழைகளை நீட்டி, கடற்பாசியையோ பாறையில் ஒட்டி வாழும் உயிர்களையோ பற்றிக்கொள்பவை. ஆனால் இசபெல்லாவின் கூடு வழவழப்பானது. சுமார் 13 சென்டிமீட்டர் நீளமுள்ள லாட்டிசெப்ஸின் கூட்டிலோ குறுக்குவாட்டில் மேடு மேடாக வரிகள் எழுந்து நிற்கின்றன. எண்ணிப் பார்த்தால் 19 முதல் 27 வரை தேறும். குட்டி ஏறத்தாழ ஓராண்டு இதற்குள் வளர்ந்து வெளியேறிய பிறகும் வரிகள் அழிவதில்லை. ஆகவே, கரை ஒதுங்கிய வெறுங்கூடு கையில் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தே இது எந்தச் சுறாவினுடையது என்று சொல்லிவிடலாம்.