தறிக்குழிக்கு வந்த பல்கலைக்கழகம்

(நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அறுபது வயதாகிறது, ஊர்க்காரர் சார்பில் நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நூலகர் வந்து கேட்டார். பேராசிரியர்கள் குடியிருக்கிற தெருவில் ரிட்டையர் ஆன தபால்காரனுக்கு என்ன வேலை என்றேன். "நீங்களும் அங்கே படித்தவர்தானே அண்ணே" என்றார். படித்தேன், உண்மைதான். ஆனால் படித்து முடிக்கும்வரை அந்த வளாகத்தைத் தேனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

1966-க்கு முன்னால் மதுரையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்கன் கல்லூரி 1881-லேயே வந்துவிட்டது. மதுரைக் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா எல்லாம் இருந்தன. ஆனால் பட்டம் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம். கேள்வித்தாளும் அங்கிருந்து, மதிப்பெண்ணும் அங்கிருந்து. நாகர்கோவில் பையனாக இருந்தாலும் சேப்பாக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று தென்கோடி முழுக்க அதன் கையில் வந்தது. பிறகு காரைக்குடிக்கு அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது, 1990-ல் நெல்லைக்கு மனோன்மணியம் சுந்தரனார் வந்தது. பாகம் பிரித்துக் கொடுத்த மூத்த வீடு மாதிரி ஆகிவிட்டது நம்முடையது. காமராசர் பெயர் சேர்ந்தது 1978-ல். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பதை இந்த மாதிரிக் கூட்டங்களில் யாராவது உருக்கமாகச் சொல்வார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது 1971-ஐப் பற்றி. அந்த ஆண்டுதான் இங்கே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாருக்குப் பிறகு மு.வரதராசனார் துணைவேந்தராக வந்ததும் அதே 1971. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பொருத்தம் பாருங்கள். மு.வ. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு, தானாகத் தமிழ் படித்து, 1935-ல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறியவர். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கிறவனின் அலுப்பு அவருக்குத் தெரியாதா?

நான் 1976-ல் வேலைக்குச் சேர்ந்தேன். செல்லூர் பீட், அதாவது நான் தபால் கொடுக்க வேண்டிய பகுதி. அப்போது வீட்டுக்கு வீடு தறி. பாடக்கட்டு புக் போஸ்ட்டில் வரும், பழுப்புக் கவரில். மணியார்டர் வந்தால் வாசலுக்கே ஓடி வருவார்கள். அதற்கு அடுத்தபடி ஓடி வந்தது இந்தக் கட்டுக்குத்தான். ஒரு வீட்டில் நான் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டதுமே தறிக்குழிக்குள்ளிருந்து ஒரு அம்மா குரல் கொடுப்பார்: "அண்ணே, பாடம் வந்திருச்சா?" கல்யாணத்துக்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் முடித்தவர். பி.ஏ. வரலாறு. ஊடைநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடியே கவரை வாங்கித் தறிமேல் வைத்துக்கொள்வார். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஏதோ நான் சொல்லிக் கொடுத்துத்தான் மருமகள் கெட்டுப்போனது போல.

மூன்று வருஷம் அந்த வீட்டுக்குக் கட்டு கொடுத்துவிட்டு நாலாவது வருஷம் நானும் விண்ணப்பம் போட்டேன். வெட்கமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவன் படிப்பைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் மிதிப்பது? என் பாடக்கட்டை நானே சார்ட்டிங்கில் எடுத்து, நானே என் வீட்டில் டெலிவரி செய்துகொண்டேன்.

சரி, தபால் கதை போதும். வளாகத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இது எனக்குப் பின்னால் தெரிந்தது. உயிரியல் துறையில் எம்.கே.சந்திரசேகரன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் பற்றிய ஆராய்ச்சி. அவரும் மாணவர்களும் மதுரைக்குப் பக்கத்துக் குகையில் வௌவால்களைப் பார்த்தார்கள். குகைக்குள் எப்போதும் கும்மிருட்டு. சாயங்காலம் ஆனது வௌவாலுக்கு எப்படித் தெரியும்? ஒரு வௌவாலைத் தனியாகக் கூண்டில் அடைத்து அதே குகைக்குள் வைத்தார்கள். வெளிச்சமே படாத அந்த வௌவாலும் மற்ற வௌவால்கள் கிளம்புகிற நேரத்துக்குத்தான் சிறகடித்தது. மற்றவை இல்லாத குகையில் வைத்தால் அதன் கணக்கு நாளுக்கு நாள் விலகிப்போனது. கூட்டத்தின் போக்குவரத்தை வைத்தே அது நேரம் தெரிந்துகொள்கிறது. 1970-களின் கடைசியில் வந்த இந்த முடிவு அந்தத் துறையில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு மனிதர்களையே கடிகாரம், சூரியன், செய்தித்தாள் எதுவும் இல்லாத அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார்கள். அந்த அறையும் இந்த வளாகத்தில்தான் இருந்தது. நமக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போகிற திருவிழா தெரிகிறது, இது தெரியவில்லை.

அதேபோல ராமசாமி பிச்சப்பன். நோய் எதிர்ப்பியல் பேராசிரியர். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராம மக்களிடம் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்ததில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த ஆதி மனிதர்களின் வழியைக் காட்டுகிற அடையாளம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இந்த வம்சாவளி உண்டு. பத்திரிகைகள் உடனே "முதல் இந்தியன்" என்று போட்டுவிட்டன. அது கொஞ்சம் அதிகம். அந்த அடையாளம் வேறு இடங்களிலும் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் ரத்தத்தில் ஐம்பதாயிரம் வருஷத்துப் பயணம் தெரிகிறது என்று கண்டுபிடிக்க, அந்த டீக்கடைப் பக்கம் போகிற பல்கலைக்கழகம் வேண்டுமல்லவா?

குகை பக்கத்தில், உசிலம்பட்டி பக்கத்தில், செல்லூர் தறி பக்கத்தில். அது நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாம்தான் பஸ்ஸில் போகும்போது திரும்பிப் பார்த்ததோடு சரி. இந்தச் சில ஆண்டுகளாகச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அங்கே இருப்பவர்கள் போராடுகிற செய்தியைப் படிக்கிறோம். அப்போதும் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த செய்திக்குத்தான் போகிறோம். அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கிற பிள்ளைகள் அப்பா மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

தோரணவாயில் கட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம். மதுரையில் பஸ் திரும்ப இடமில்லாமல் இருப்பது போதும். என்னிடம் வேறு யோசனை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாடப் புத்தகம், ஹால் டிக்கெட், அந்தப் பழுப்புக் கவர் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டுவாருங்கள். என்னுடைய பி.ஏ. இரண்டாம் ஆண்டுக் கட்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது, படிக்க வரும். நூலகர் பீரோவில் இரண்டாவது தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறார்.